கடைசி வரிசையில் வந்த பைன்வுட் டெர்பி கார்: அடுத்த வருடம் என்ன மாறியது

பின்னணி

பைன்வுட் டெர்பி தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. அமெரிக்காவில் ஸ்கவுட் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவான கப் ஸ்கவுட்டில் வருடா வருடம் நடக்கும் பொம்மைக் கார் பந்தயம் இது. 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர் தொடங்கினார். பிள்ளைகளே உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் சேர அவருடைய 10 வயது மகனுக்கு வயது போதவில்லை, அதனால் கையடக்கமாக ஒன்றை யோசித்தார். பெட்டியில் வருவது ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி, அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, தள்ளிவிடவும் கூடாது. சுமார் நான்கடி உயரத்தில் சரிவின் தலைப்பில் கார்கள் ஒரு கம்பியில் சாய்ந்து நிற்கும், கம்பி விழுந்ததும் உருண்டு இறங்கி, சமதளத்தில் மீதித் தூரம் ஓடி முடிக்க வேண்டும். எடை 5 அவுன்ஸைத் தாண்டக்கூடாது, நீளம் 7 அங்குலம், அகலம் இரண்டே முக்கால் அங்குலம்.

இங்கே எழுதுவது டெக்சாஸில் ஒரு புறநகர்ப் பேக்கில், அதாவது கப் ஸ்கவுட்டின் உள்ளூர்க் கிளையில் நடந்தது. நான் அங்கே எடை பார்க்கும் மேசையில் உட்காரும் தன்னார்வலர். குடும்பம் தமிழ்க் குடும்பம். அப்பா மென்பொருள் வேலை, மகள் மூன்றாம் வகுப்பு. (2018-இலிருந்துதான் பெண் பிள்ளைகளும் கப் ஸ்கவுட்டில் சேர முடிகிறது, எங்கள் பேக்கில் இப்போது அவர்கள் எண்ணிக்கை நன்றாகவே இருக்கிறது.) முந்தைய வருடம் அவர்களுடைய கார் பார்க்க மிக அழகாக இருந்தது, கூர்மையான மூக்கு, நீலப் பெயின்ட், பளபளப்பு. ஓட்டத்தில் கடைசி வரிசை. 42 அடி அலுமினிய டிராக்கில் சராசரி 3.4 நொடிக்கு மேல். எங்கள் பேக்கில் முன்னால் வரும் கார்கள் 3.1 நொடியை ஒட்டி ஓடும். கேட்டால் 0.3 நொடி ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் கார் நொடிக்குப் பதினாலு அடி போகும்போது அது நாலடிக்கு மேற்பட்ட இடைவெளி, கூடத்தின் கடைசி நாற்காலியில் இருப்பவருக்குக்கூடத் தெளிவாகத் தெரியும்.

அடுத்த சீசன் தொடங்கியதும் அப்பா பழைய காரையும் கொண்டுவந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, இதை இன்னும் எப்படி ஒல்லியாக்கறது?"

பழைய காரைப் பிரித்துப் பார்த்தபோது

பேக்கின் பயிலரங்கு நாளன்று டிராக்கை விரித்து வைத்திருந்தோம், அதனால் பேச்சை விட்டுவிட்டு நேராக ஓட்டிப் பார்த்தோம். பக்கத்துத் தடத்தில் பயிலரங்குக்கென்றே வைத்திருக்கும் ஒரு கட்டை, அறுக்கவே அறுக்காத முழுச் செவ்வகம், ஆனால் ஆணிகளை ஒழுங்காக மெருகேற்றி 5 அவுன்ஸுக்கு எடை நிரப்பியது. அது இந்தக் கூர்மூக்குக் காரை முழுசாக ஒரு கார் நீளத்துக்கும் மேல் முந்தியது. "அங்கிள், அது காரே இல்ல, வெறும் கட்டை!" என்று சிறுமி கத்தினாள். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு காரை மேசையில் திருப்பிப் போட்டோம். எடை 4.2 அவுன்ஸ். வீட்டுச் சமையல் தராசில் 5 என்று காட்டியதாம், இருக்கலாம், கிராமிலிருந்து அவுன்ஸுக்கு மாற்றும்போது தவறியிருக்கலாம். முன் இடது சக்கரம் உடம்போடு உரசிய இடத்தில் பெயின்ட் வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிட்டால் மற்றவை நெடுநேரம் சுற்றின, அது மட்டும் உடனே நின்றுவிட்டது. ஆணியை உருவிப் பார்த்தால் தலைக்குக் கீழே தொழிற்சாலையில் அழுத்தியபோது விழுந்த பிசிறுகள் அப்படியே இருந்தன. சக்கரத் துளைக்குள் கறுப்பாக ஒரு பசை. கிராஃபைட் தூள் போட்டு, அது போதாதோ என்று கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயையும் அடித்திருக்கிறார். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மசகு, சேர்ந்தால் சேறு.

இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கச் சொன்னேன். டிராக்கின் ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் கால் அங்குல உயரத்தில் ஒரு பட்டை ஓடும், காரின் இடது வலது சக்கரங்கள் அதன் இரு பக்கமும் போகும். சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறைவு. இந்தக் கார் இறங்கும்போது டக், டக் என்று இரண்டு பக்கமும் மாறி மாறி மோதிக்கொண்டே போனது. ஒவ்வொரு மோதலும் வேகத்தைத் தின்கிறது.

ஆகக் குறை என்று பார்த்தால் நாலு: எடை குறைவு, உரசும் சக்கரம், மெருகேற்றாத ஆணி, நேராகப் போகாத கார். இதில் ஒன்றுகூட வடிவத்தோடு சம்பந்தப்பட்டதில்லை, ஆனால் முந்தைய வருடம் அவர்கள் செலவழித்த நேரத்தில் பெரும்பங்கு வடிவத்துக்கும் பெயின்டுக்கும்தான் போயிருக்கிறது. இவர்கள் மட்டுமல்ல, மேசைக்கு வரும் கார்களில் முக்கால்வாசி இப்படித்தான்.

எங்கே எவ்வளவு கிடைக்கும் என்று போட்ட கணக்கு

அப்பா கணக்கில் கெட்டிக்காரர், அதனால் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காருக்குக் கிடைக்கும் சக்தி மொத்தமே அந்த நான்கடி உயரம்தான். உராய்வே இல்லையென்றால் அடிவாரத்தில் வேகம் நொடிக்கு 16 அடி. உராய்வு தின்பதையும் உயரமாகவே கணக்கிடலாம், அதாவது 48 அங்குலத்தில் எத்தனை அங்குலத்தைப் பறிகொடுக்கிறோம் என்று.

ஆணியின் விட்டம் ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர், சக்கரம் 30. சக்கரம் தரையில் 13 அடி உருண்டால் துளை ஆணியின் மேல் ஓரடி வழுக்குகிறது. நல்ல மெருகும் கிராஃபைட்டும் இருந்து உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்துக்கொண்டால், 42 அடி ஓட்டத்தில் பறிபோவது சுமார் நாலு அங்குல உயரம். பிசிறோடு, பசையோடு, குணகம் 0.2 ஆகிவிட்டால் எட்டு அங்குலம். எடை எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் ஆணியில் உராய்வு எடையோடு சேர்ந்தே ஏறும்.

எடைமையத்தை, அதாவது விரல்மேல் வைத்தால் கார் சாயாமல் நிற்கும் புள்ளியை, பின்னால் தள்ளினால் வேகம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். சரிவில் நிற்கும்போது பின்பகுதி மேலே இருக்கிறது, எடை அங்கே இருந்தால் அது கூடுதல் உயரத்திலிருந்து இறங்குகிறது. ஆனால் எவ்வளவு? எடைமையத்தை ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் உயரத்தில் கிடைப்பது அரை அங்குலம்போல. ஆணியில் நாலு அங்குலம், இங்கே அரை அங்குலம். அந்த அரை அங்குலமும் நேரத்தில் நூறில் ஒரு நொடி, முடிவுக் கோட்டில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். முதல் மூன்று இடத்துக்கு நடக்கும் சண்டையில் அதுவும் வேண்டும், ஆனால் கடைசி வரிசையிலிருந்து கிளம்புகிறவர் முதலில் தொட வேண்டியது அதுவல்ல.

எடையை 5 அவுன்ஸ் வரை நிரப்புவதில் பயன் வேறு மாதிரி வருகிறது. கனமான பொருள் வேகமாக விழும் என்பதல்ல. காற்றுத் தடையும், சக்கரங்களைச் சுழற்றச் செலவாகும் சக்தியும் காரின் எடையைப் பொறுத்தவை அல்ல. கார் கனமாக இருந்தால் மொத்தச் சக்தியில் அவற்றின் பங்கு குறைகிறது. வடிவம் இந்தக் காற்றுத் தடைக் கணக்கில் மட்டும்தான் வருகிறது, அதனால் மெல்லிய ஆப்பு வடிவம் போதும் என்று அப்பாவும் மகளும் சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் விதித்தாள், பிறகு ரம்பம்

ஒவ்வொரு பேக்கும் தனித் தாளில் விதி போடும், வேறு ஊரில் அனுமதித்தது இங்கே செல்லாமல் போகலாம். எங்கள் தாளில் இருந்தது: பெட்டியில் வந்த சக்கரமும் ஆணியும்தான், சக்கரத்தைக் கடைந்து இலேசாக்கக் கூடாது, கட்டையில் ஏற்கெனவே வெட்டியிருக்கும் காடிகளிலேயே ஆணி அடிக்க வேண்டும், உலர் மசகு மட்டும். காடி விதியால் சக்கர இடைவெளியை நீட்டும் வித்தை போயிற்று, எண்ணெய் வகைகளும் போயின.

இரண்டு விஷயத்தில் தாள் மௌனம். நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டுமா? ஆணியை வளைக்கலாமா? வேகமான கார்களில் ஒரு முன்சக்கரம் தரையைத் தொடாமல் ஒரு மயிரிழை தூக்கியே இருக்கும் என்று அப்பா எங்கேயோ படித்திருந்தார். தெரியாததுபோல் செய்துவிட்டு வரலாம், பல பேர் அப்படித்தான் வருவார்கள். அவர் பந்தயக் குழுத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினார்: சக்கரத்தைத் தூக்கலாம், ஆணியை வளைக்கக் கூடாது. இந்த மின்னஞ்சல் பின்னால் உதவியது.

யார் என்ன செய்வது என்பதையும் அப்போதே பிரித்துக்கொண்டார்கள். மின்சாரக் கருவிகளைக் கப் ஸ்கவுட் வயதுப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பது இயக்கத்தின் விதி, எனவே பேண்ட்சாவும் ட்ரில்லும் அப்பாவுடையவை. வரைவது, உப்புத்தாளால் உடம்பைத் தேய்ப்பது, பெயின்ட், எடைத் துண்டுகளை வைத்து எடைமையம் பார்ப்பது, கிராஃபைட், பலகையில் சோதனை ஓட்டம், எல்லாம் மகள். இந்தப் பிரிவினை அழகுக்காகச் சொன்னதல்ல. பேக்கில் பல கார்கள் அப்பாக்களின் கார்கள்தான், பிள்ளை வெறும் சாட்சி; அந்தப் பிள்ளைகளிடம் உன் காரில் எடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் திரும்பி அப்பாவைப் பார்ப்பார்கள்.

எடை

கட்டையில் ஒரு காடி ஓரத்துக்குப் பக்கத்திலும் இன்னொன்று தள்ளியும் இருக்கும். ஓரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பின்பக்கமாக வைத்தார்கள், அப்போதுதான் எடையைப் பின்னால் தள்ள இடம் கிடைக்கும். எடைக்கு ஈயம் மலிவு, ஆனால் பிள்ளை கையால் எடுத்து எடுத்து வைத்துப் பார்க்கப்போகிறாள், ஈயம் நச்சு, வேண்டாம் என்றார் அம்மா. அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. டங்ஸ்டன் வாங்கினார்கள். விலை அதிகம்தான், ஆனால் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் மூன்று அவுன்ஸ் எடை மிகச் சின்ன இடத்தில் அடங்கி, பின் அச்சை ஒட்டியே உட்கார்ந்துவிடுகிறது.

எடைமையம் பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். முக்கால் அங்குலம் வரை போகிறவர்கள் உண்டு, அது சக்கர ஒழுங்கு துல்லியமாக அமைந்த கார்களுக்கு. அப்பா தலையாட்டிவிட்டுப் போய் அரை அங்குலத்தில் வைத்தார். அந்தக் கதை கீழே வருகிறது.

நான்கு ஆணிகள்

பாதி வேலை இங்கேதான் நடந்தது. ஆணியை ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, தலைக்குக் கீழேயும் நுனியிலும் இருந்த பிசிறுகளை முதலில் சின்ன அரத்தால் எடுத்தார். தலையின் உள்பக்கத்தையும் லேசாகச் சரித்துவிட்டார், சக்கரம் வெளியே நகரும்போது அந்த முகத்தில்தான் உரசும். அப்புறம் தண்ணீர் தொட்ட உப்புத்தாள், 400, 600, 1000, 2000 என்று வரிசையாக. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிக்கும் வரை. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பார்வைக்கு மினுங்கும், ஆனால் பூதக்கண்ணாடியில் பழைய கீறல் தெரியும். கடைசியில் உலோக மெருகுப் பசையைத் துணியில் தொட்டு மகள் கையாலேயே தேய்த்து முடித்தாள். பசையைச் சுத்தமாகக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே மணலாக வேலை செய்யும்.

சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, துளைக்குள்ளும் ஆணித் தலை படும் பக்கத்திலும் உடம்பு படும் பக்கத்திலும் கிராஃபைட் வைத்துச் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். ஒரே தடவையாகக் கொட்டுவதில் பயனில்லை. கொஞ்சம் வைத்து, சுற்றி, தட்டி உதிர்த்து, மறுபடி கொஞ்சம். வாசலில் உட்கார்ந்து செய்யச் சொல்லியிருந்தேன், அந்தக் கருந்தூள் கம்பளத்தில் விழுந்தால் போகாது. சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கடன் அட்டை நுழையும் அளவு இடைவெளி வைத்தார்கள். உடம்பில் சக்கரம் படக்கூடிய வட்டத்தில் பெயின்ட் அடிக்காமல் விட்டு, அங்கேயும் கிராஃபைட் தேய்த்தார்கள்.

மூன்று சக்கரம், ஒரு பக்கச் சாய்வு

தூக்கிய சக்கரத்தின் பயன் உராய்வில் இல்லை. காரின் எடை மற்ற மூன்றின் மேல் விழுகிறது, மொத்த ஆணி உராய்வு அப்படியேதான் இருக்கும். பயன் என்னவென்றால் சுழற்ற வேண்டிய சக்கரம் ஒன்று குறைகிறது, அதற்குப் போகும் சக்தி காரோடு தங்குகிறது. முன் இடது காடியை மட்டும் மெல்லிய அரத்தால் சற்று ஆழமாக்கி ஆணியை உள்ளே ஏற்றினார்கள், சக்கரம் மேலே போயிற்று. காடி உடம்பின் அடியில் இருப்பதால் ஆழமாக்கினால் சக்கரம் உயரும், தாழாது. இதில் குழம்புகிறவர்கள் நிறைய.

அடுத்து பட்டையில் மோதும் பிரச்சினை. காரை நூல் பிடித்த மாதிரி நேராக ஓடவைக்க முடிந்தால் நல்லதுதான், ஆனால் வீட்டில் செய்த காரில் அது அமையாது, நாற்பது அடியில் எப்படியும் ஏதாவது ஒரு பக்கம் போய் இடிக்கும், இடித்துத் திரும்பி மறுபக்கம் இடிக்கும். அதனால் வேகமாக ஓட்டுகிறவர்கள் காரை வேண்டுமென்றே ஒரு பக்கம் லேசாகத் திருப்பிவிடுவார்கள். தரையைத் தொடும் அந்த ஒரு முன்சக்கரத்தின் உள் விளிம்பு பட்டையில் மெதுவாகச் சாய்ந்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டே போகும். பின்சக்கரங்கள் பட்டையைத் தொடவே தொடாது. வளைத்த ஆணி இருந்தால் ஆணியைத் திருகித் திருகி இதைச் சரிசெய்துவிடலாம். வளைக்கக் கூடாது என்று பதில் வந்துவிட்டதால், முன் வலது காடியின் ஒரு சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஆணியைச் சாய்த்து வைத்தார்கள். பொறுமை வேண்டிய வேலை, அதிகம் தேய்த்துவிட்டால் திரும்பப் போட முடியாது.

சோதனைக்கு நாலடிப் பலகை, ஒரு முனைக்குக் கீழே இரண்டு புத்தகம், நடுவில் நேர்கோடாக ஒட்டிய டேப். காரை மேலிருந்து விட்டால் நாலடி முடிவதற்குள் கோட்டிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விலக வேண்டும். அதுவும் சரியான திசையில்: வலது முன்சக்கரம் தரையில் இருக்கிறது, அது பட்டைக்கு வலப்பக்கம் ஓடுகிறது, எனவே கார் இடப்பக்கம் திரும்பினால்தான் அதன் உள் விளிம்பு பட்டையில் படியும். முதல் சோதனையில் கார் நேர் எதிர்ப்பக்கம் போனது. காரணம் முன் ஆணி அல்ல, பின் ஆணிகளில் ஒன்று காடியில் சற்றுக் கோணலாக இறங்கியிருந்தது. பின்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல் முன்பக்கத்தைத் தொடுவதே வீண். அதைச் சரிசெய்ததும் விலகல் சொன்னபடி வந்தது. மகள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கார் விழுந்த இடத்தைப் பலகையில் பென்சிலால் குறித்துவைத்தாள், அந்தப் பலகையைப் பின்னால் பேக்குக்கே கொடுத்துவிட்டார்கள்.

பயிற்சி ஓட்டம்

பந்தயத்துக்கு முந்தின வாரம் டிராக்கில் விட்டபோது எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஓடியது. பழையதைவிட நல்ல முன்னேற்றம்தான், ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் நிலையாக இல்லை, ஒருமுறை நன்றாக, அடுத்தமுறை மோசமாக. நேரம் இப்படித் தாறுமாறாக வந்தால் உராய்வைச் சந்தேகிப்பதில் பொருளில்லை, உராய்வு எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி தின்னும். கார் எங்கோ ஆடுகிறது என்று பொருள். போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்துப் பார்த்தோம். சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் முன்சக்கரம் பட்டையை விட்டுவிட்டு வாலாட்டுகிறது. முன்பக்கம் அத்தனை இலேசு.

எடைமையம் பார்த்தால் அரை அங்குலம். "படிச்ச இடத்துலெல்லாம் பின்னால தள்ளுன்னுதான் அண்ணா போட்டிருந்தான்" என்றார். கணக்குப்படி அந்தக் கூடுதல் அரை அங்குலத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடியது இருநூறில் ஒரு நொடி. வாலாட்டத்தில் போனது அதைவிடப் பல மடங்கு. ஒரு டங்ஸ்டன் துண்டை எடுத்து முன்னால் துளை போட்டு வைத்து, எடைமையத்தை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வேறு எதையும் தொடவில்லை, தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆட்டம் நின்றது, நேரங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரத் தொடங்கின.

பந்தய நாள்

எடை மேசையில் அதிகாரப்பூர்வத் தராசு 5.02 என்று காட்டியது. அவர்கள் வீட்டில் 4.98 பார்த்து வந்திருந்தார்கள். இது எப்போதும் நடப்பதுதான், மேசையில் காட்டும் எண்தான் செல்லும். அடியில் ஒரு சின்னத் திருகாணியை எடைக்காகவே வைத்திருந்தார்கள், அதைக் கழற்றிச் சிறியதை மாட்டியதும் சரியாக 5.00. முன்னேற்பாடு இல்லாத இன்னொரு குடும்பம் அதே நேரத்தில் பெயின்ட் அடித்த காரை ட்ரில்லால் குடைந்துகொண்டிருந்தது.

எடை பார்த்த பிறகு கார் எங்கள் பொறுப்பில், பந்தயம் முடியும் வரை கிராஃபைட் போடக் கூடாது. நான்கு தடம், ஒவ்வொரு காரும் ஒவ்வொரு தடத்திலும் ஒருமுறை, சராசரிதான் கணக்கு. முதல் இரண்டு ஓட்டம் 3.1 நொடியை ஒட்டி வந்தன. மூன்றாவதில் திடீரென்று நேரம் கூடிவிட்டது. எடுத்துப் பார்த்தால் தூக்கிய சக்கரத்தின் ஆணி இளகி, சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காடியை ஆழமாக்கியபோது அது அகலமாகவும் ஆகிவிட்டது, ஆணிக்குப் பிடிப்புக் குறைந்துவிட்டது, ஒட்டியதும் போதவில்லை. பழுதுபார்க்கச் சில நிமிடம் அனுமதி உண்டு. அப்பா பசைக் குப்பியைத் திறந்தபோது மகள் பல்குத்தும் குச்சியை நீட்டினாள். குப்பியிலிருந்து நேராக ஊற்றியிருந்தால் பசை சக்கரத் துளைக்குள் இறங்கி அத்தோடு முடிந்திருக்கும். நுனியில் ஒரு சொட்டு, அழுத்திப் பிடித்து, அவ்வளவுதான். நாலாவது ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்பியது.

டென்னில், அதாவது பேக்குக்குள் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் சிறு குழுவில், மூன்றாம் இடம். மூன்றாவது ஓட்டம் சரியாக இருந்திருந்தால் இரண்டாவது வந்திருக்கலாம், முதலிடக் கார் எட்டாத தூரத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு

பரிசு கொடுப்பதற்குள் ஒரு பெற்றோர் வந்து, மூன்று சக்கரத்தில் ஓடுவது ஏமாற்று வேலை, அந்தக் காரை நீக்க வேண்டும் என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, தாளில் இல்லாத ஒன்று அவருக்கு எப்படித் தெரியும்? மின்னஞ்சல் இருந்ததால் பந்தயக் குழுத் தலைவர் அதைக் காட்டி முடித்துவைத்தார், முடிவு மாறவில்லை. ஆனால் கேட்டவருக்கு மட்டும் பதில் போய், மற்றவர்களுக்குப் போகாதது சரியில்லை என்று குழு ஒத்துக்கொண்டது. அடுத்த வருடத் தாளில் தூக்கிய சக்கரம் அனுமதி என்றும் ஆணி வளைப்பது கூடாது என்றும் அச்சாகிவிட்டது, யாராவது விளக்கம் கேட்டால் பதில் எல்லாக் குடும்பங்களுக்கும் போகும். அதோடு பெரியவர்களுக்கென்று தனிப் பந்தயம் ஒன்றும் வைத்தார்கள். அதில் எண்ணெய், வளைத்த ஆணி, கடைந்த சக்கரம் எதுவும் ஓடலாம். என் கணக்கில் பிள்ளைகளின் கார்களை அப்பாக்களின் கையிலிருந்து காப்பாற்ற இதுவரை எடுத்த முடிவுகளில் இதுதான் வேலை செய்தது.

அடுத்த முறை

அந்தக் குடும்பம் அடுத்த காருக்கு எழுதிவைத்திருப்பது இது. காடியை ஆழமாக்கும்போது அரத்தைக் காடியைவிட மெல்லியதாக எடுப்பது, ஆணியைப் பொருத்தியதும் பசை முழுவதும் உலர ஓர் இரவு விடுவது, பந்தயத்துக்கு முன் எல்லா ஆணியையும் விரலால் ஆட்டிப் பார்ப்பது. எடைமையத்தை ஓர் அங்குலத்தில் தொடங்கி, ஓட்டம் நிலையாக வந்தால் மட்டும் முக்காலுக்குப் போவது. பயிற்சி நாளிலேயே பேக் தராசில் எடை பார்த்துவிடுவது. மகள் தன் பங்குக்கு, பெயின்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது என்று சேர்த்திருக்கிறாள், காய்வதற்குள் எடுத்ததில் அவள் கைரேகை காரின் கூரையில் பதிந்துவிட்டது.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, பந்தயத்துக்கு ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்று மேசைக்கு வருபவர்களிடம் நான் சொல்லும் வரிசை: முதலில் ஆணிப் பிசிறை எடுத்து மெருகேற்றுங்கள், சக்கரம் உரசாமல் இடைவெளி விடுங்கள், கிராஃபைட் மட்டும் போடுங்கள், எடையை 5 அவுன்ஸுக்கு நிரப்புங்கள், பலகையில் ஒருமுறை விட்டுப் பாருங்கள். கட்டையை அறுக்கக்கூட நேரமில்லை என்றால் அப்படியே செவ்வகமாக ஓட்டுங்கள்.